டைமிங் பெல்ட் அறுந்தால் பயத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

பழைய கார் வாங்கி ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். என் காரைப் பழுதுபார்த்த ஒர்க் ஷாப்பின் மேல் நான் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் அதன் பெயரை எழுதவில்லை.

கடந்த மே மாதம், ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டையைத் தாண்டிப் பல்லாவரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். சட்டென்று என்ஜின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் வெறுமனே சுழன்றது. டைமிங் பெல்ட் அறுந்ததன் அடையாளம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னிருக்கையில் அம்மா, வெளியே கொளுத்தும் வெயில். இழுவை வண்டியை வரவழைத்து, கிட்டத்தில் இருந்த பெரிய ஒர்க் ஷாப்புக்குக் காரைக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த மேற்பார்வையாளர் உறையைக் கழற்றி, அறுந்த பெல்ட்டைக் கையில் தூக்கிக் காட்டினார். "என்ஜின் போய்விட்டது சார். ஹெட்டையே மாற்ற வேண்டும்" என்றார். ஹெட் என்பது வால்வுகள் அமைந்திருக்கும் என்ஜினின் மேல்பகுதி. வண்டி உள்ளே போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. எஸ்டிமேட் 1,32,000 ரூபாய். செய்ய வேண்டிய வேலையை எழுதும் ஜாப் கார்டில் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதனால்தான் நம்பினேன். பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் சுழல வைப்பது டைமிங் பெல்ட். பல என்ஜின்களில் வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வருகிறது, வெவ்வேறு கணத்தில். பெல்ட் அறுந்தால் தாளம் தப்பும். திறந்து நிற்கும் வால்வைப் பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். ஆனால் எல்லா என்ஜினும் அப்படிப்பட்டதல்ல. அப்படிப்பட்டதிலும் எத்தனை வால்வு வளைந்தது என்பதை அறுந்த பெல்ட்டைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பார்க்கலாம். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வு சரியாக மூடுகிறதா என்று சோதிக்கலாம். ஹெட்டைக் கழற்றி நேரிலேயே பார்க்கலாம். இதில் ஒன்றுகூடச் செய்யாமல் ஹெட் மாற்ற வேண்டும் என்று சொன்னால், அது சோதித்துச் சொன்ன விலை அல்ல, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன விலை.

பதினெட்டு நாள் கழித்து வண்டி வந்தது. பில் 1,36,400. ஹெட் அசெம்பிளி, 16 வால்வுகள், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலி. இன்ஷூரன்ஸ் கைகொடுக்கவில்லை, இயந்திரக் கோளாறு வழக்கமான மோட்டார் பாலிசியில் சேராது.

இரண்டு வாரம்கூட ஓடவில்லை, காலையில் வண்டியைக் கிளப்பும்போது பெல்ட் பக்கமிருந்து தேய்கிற சத்தம் வர ஆரம்பித்தது. என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனது. நங்கநல்லூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். கார் வாங்கும்போது பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அவர் உறையைத் திறந்து விளக்கை அடித்தார். பெல்ட் புதிது. அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பழையது. விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். உள்ளே மணல் இருப்பதுபோல் நறநறவென்றது. பம்பின் அடியில் கூலன்ட் கசிந்து காய்ந்த பச்சைத் தடம், அது ஒரு மாதத்தில் படிந்ததல்ல. பிறகு ஹெட்டின் மேல்மூடியைக் காட்டினார். முந்தைய உரிமையாளர் காலத்திலேயே ஒரு போல்ட் துளையின் மரை தேய்ந்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் பெரிய போல்ட் போட்டிருந்தார்கள். "புதிய" ஹெட்டிலும் அதே இடத்தில் அதே பெரிய போல்ட்!

பணத்தைவிட என்னைக் கொதிக்கவைத்தது அந்த டென்ஷனர்தான். அதன் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் அறுந்துபோகும். அம்மாவை ஏற்றிக்கொண்டு மறுபடியும் அதே சாலையில் நின்றிருப்பேன்.

மறுநாள் ஒர்க் ஷாப்புக்குப் போய்ப் பழைய பாகங்களைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். இரண்டு மணி நேரம் நகராமல் நின்ற பிறகு ஒரு பையில் நான்கு வால்வுகளைக் கொடுத்தார்கள். வீட்டுக் கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். நான்கும் நொண்டியபடிதான் உருண்டன. அவை வளைந்தது உண்மை. மீதி 12 எங்கே என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அவற்றை மாற்றவே இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஹெட் பழையது, டென்ஷனர் பழையது, பம்ப் பழையது.

நான்கு வால்வு, ஹெட் கேஸ்கட், லேத்தில் ஹெட்டைச் சமன்படுத்தும் வேலை, பெல்ட்டோடு டென்ஷனர், பம்ப், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து என் காருக்கு 45,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும் என்பது அண்ணன் போட்ட கணக்கு.

உங்களுக்கு இது நேர்ந்தால், முதலில் எந்தப் பெல்ட் என்று கேளுங்கள். ஆல்டர்னேட்டரையும் ஏ.சி.யையும் ஓட்டும் வெளிப் பெல்ட் அறுந்தால் பொதுவாக வால்வு வளைவதில்லை; அதற்கு ஹெட் விலை பேசுபவரிடம் வண்டியை விடவே விடாதீர்கள். டைமிங் பெல்ட்தான் என்றால், ஹெட்டைக் கழற்றிப் பார்க்க மட்டும் முதலில் எழுத்தில் சம்மதம் கொடுங்கள். கழற்றியதும் நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட் அதன் பிறகு வரட்டும். பழைய பாகங்கள் அத்தனையும் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதிய பிறகே கையெழுத்து. ஹெட் அசெம்பிளிக்கும் வால்வுகளுக்கும் தனித்தனியே விலை போட்டிருந்தால், அசெம்பிளியோடு வால்வு வருகிறதா என்று கேளுங்கள். என் பில்லில் இரண்டும் இருந்தன, நான் கேட்கவில்லை.

பில்லை விடாமல் வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

நான் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது டென்ஷனரும் பம்பும் வாங்கி மாட்டியாகிவிட்டது. கழற்றிய பழையவற்றையும் அந்த நான்கு வால்வுகளையும் தேதி எழுதி ஒரே பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஆணையத்துக்குப் போகும் நாளில் அந்தப் பையும் என்னோடு வரும்.