சின்னப் பிள்ளைகளோடு எங்கே போகலாம்: ஹாங்காங் டிஸ்னிலேண்டா, சிங்கப்பூர் யுனிவர்சலா?

குழந்தைக்கு ஐந்து வயதுக்குள் என்றால் நான் ஹாங்காங்கைத்தான் சொல்வேன். காரணம், உயரக் கட்டுப்பாடு. சிங்கப்பூரில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் பேர்பெற்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கே 102 செ.மீ. வேண்டும், பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125. வரிசையில் நின்று, அளவுகோல் பக்கத்தில் போனதும் "பாப்பாவுக்கு இன்னும் உயரம் பத்தாது" என்று திருப்பி அனுப்பினால் பிள்ளை முகம் சுண்டிப்போகும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

2005-இல் திறந்த டிஸ்னிலேண்டில் பறக்கும் டம்போ யானை, பொம்மைகள் பாடும் படகுச் சவாரி என்று கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே ஏறக்கூடியவை நிறைய. சன்னி பே நிலையத்தில் மாறி ஏறும் ரயிலின் ஜன்னல்கூட மிக்கி தலை வடிவம்தான். பிள்ளைகளின் குதூகலம் அங்கேயே தொடங்கிவிடும்.

யுனிவர்சல் அளவில் சிறியது, நடை குறைவு. அப்புறம் சாப்பாடு! பக்கத்து ரயில் நிலையமான ஹார்பர்ஃபிரண்டில் ஏறினால் நேரே லிட்டில் இந்தியா, நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும் பகுதி. தயிர்சாதம் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இது பெரிய வரம். ஏழெட்டு வயதில் ஒரு பிள்ளை இருந்தால் தயங்காமல் சிங்கப்பூருக்கே போங்கள். இரண்டு இடத்திலும் ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, அப்பாவும் அம்மாவும் மாறிமாறி சவாரி போக வசதி உண்டு, ஊழியரிடம் கேளுங்கள்.