செடித் தொட்டிக்குக் கார்பன் டை ஆக்சைடு: சென்னை வெயிலில் சில வருட அனுபவம்

மீன்களோடு தண்ணீருக்குள் செடி வளர்க்கும் என் கண்ணாடித் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 190 லிட்டர். மண், கல், மரக்கட்டை போக 150-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இந்தத் தொட்டிக்குச் சில வருடங்களாகக் கார்பன் டை ஆக்சைடு விட்டுச் செடி வளர்த்து வருகிறேன். ஈஸ்ட் பாட்டில், சிட்ரிக் ஆசிட் செட், இப்போது சிலிண்டர் என்று மூன்றையும் நாள்கணக்கில் ஓட்டிப் பார்த்தாயிற்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேஸ் கொஞ்சம் குறைவாகப் போனால்கூடப் பரவாயில்லை, தினமும் ஒரே அளவில் போக வேண்டும். சென்னையில் அந்த ஒரே அளவைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

வெறும் காற்று மட்டும் படும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் போலத்தான் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். மீன் விடும் மூச்சும், அடியில் மக்கும் கழிவும் சேர்ந்து இரண்டு மூன்று மில்லிகிராம் வரை கொண்டுபோகலாம். சிலிண்டர் வைத்து நாம் பிடிக்கப் பார்ப்பது 20 முதல் 30 மில்லிகிராம். இந்த வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். இலையை ஒட்டியிருந்ததைச் செடி உறிஞ்சிக்கொண்டதும் அடுத்தது வந்து சேர நேரம் பிடிக்கும். லைட்டைக் கூட்டினால் செடியின் தேவையும் கூடும். கார்பன் கிடைக்காமல் செடி நின்றுவிட்டால், மிச்ச வெளிச்சத்தில் பாசி வளரும்.

ஈஸ்ட் பாட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை, ஈஸ்ட், தண்ணீர். நம் ஊர்ச் சூட்டில் முதல் சில நாள் கேஸ் பொங்கிக்கொண்டு வரும், அப்புறம் சட்டென்று படுத்துவிடும். இரவில் நிறுத்தவும் வழியில்லை. ஒரு அடி தொட்டிக்கு வேண்டுமானால் வைத்துப் பார்க்கலாம்.

சிட்ரிக் ஆசிட், ஆப்ப சோடா செட் எவ்வளவோ மேல். 200 கிராம் சிட்ரிக் ஆசிட் முழுவதும் வேலை செய்ய 260 கிராம் சோடா வேண்டும்; அதிலிருந்து 135 கிராம் போலக் கேஸ் கிடைக்கும். 2 கிலோ சிலிண்டரில் இருப்பது கிட்டத்தட்ட இதைப் போல 15 மடங்கு. எனவே இரண்டடி வரை உள்ள தொட்டிக்கு இது போதும், அதைவிடப் பெரிய தொட்டி என்றால் அடிக்கடி புதிதாகக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கினால் ஸ்டீல் பாட்டிலும் பிரஷர் ரிலீஸ் வால்வும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி சிலிண்டர். உள்ளே இருப்பது திரவம். 20 டிகிரியில் அழுத்தம் சுமார் 57 பார், 30 டிகிரியில் 72 பார். திரவம் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மீட்டர் அதே எண்ணைத்தான் காட்டும். முள் இறங்கத் தொடங்கினால் திரவம் தீர்ந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு பாக்கி என்று தெரிய எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி. சிலிண்டரின் மேல் வெற்று எடையைக் குத்தியிருப்பார்கள். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே உள்ளே இருக்காது. மே மாத மதியத்தில் நம் ஹால் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மீட்டர் முள் அப்போது வழக்கத்தைவிட மேலே நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் வெயில் விழும் ஜன்னலோரம் சிலிண்டரை வைக்கக் கூடாது.

எவ்வளவு கேஸ் போகிறது என்பதை வினாடிக்கு எத்தனை குமிழ் என்றுதான் எண்ணுவோம்; இந்த அழுத்த மாற்றம் அந்தக் குமிழ் வேகத்தையும் தொடும். முதலில் வைத்திருந்த சிங்கிள் ஸ்டேஜ் ரெகுலேட்டரில் (சிலிண்டர் அழுத்தத்தை ஒரே கட்டமாக இறக்கும் கருவி), காலையில் வினாடிக்கு இரண்டு குமிழ் என்று வைத்தால் மாலையில் வேறு கணக்கு ஓடும். சிலிண்டர் தீரும் கட்டத்தில் உள் அழுத்தம் விழ, வெளியே வரும் அழுத்தம் ஏறி, கேஸ் கூடுதலாகப் பாயும். ஒருமுறை அப்படித்தான் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. தண்ணீரை மாற்றி, ஏர் பம்ப் போட்டுக் காப்பாற்றினேன். அழுத்தத்தை இரண்டு கட்டமாக இறக்கும் டூயல் ஸ்டேஜுக்கு மாறிய பிறகு இந்தத் தொல்லை போய்விட்டது. விலை அதிகம்தான், ஆனால் லைட்டில் மிச்சம் பிடித்தாவது இதில் செலவு செய்யுங்கள் என்பேன். குமிழ் வேகத்தை நுணுக்கமாகத் திருகி வைக்கும் நீடில் வால்வும் நல்லதாக இருக்க வேண்டும், தொட்டாலே ஓடிவிடுகிற வால்வை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கேஸைத் திறந்து மூடும் மின்சார வால்வான சோலனாய்டை டைமரில் போட்டிருக்கிறேன். லைட் எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கேஸ் தொடங்கும், அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிற்கும். கரன்ட் போனால் சோலனாய்டு தானாக மூடிக்கொள்ளும். நம் ஊருக்கு இது பெரிய நிம்மதி, ஏனென்றால் கரன்ட் போகும்போது ஃபில்டரும் நின்றுவிடும். ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வ் கட்டாயம். இல்லையென்றால் கேஸ் நின்ற நேரத்தில் தண்ணீர் டியூப் வழியாக ரெகுலேட்டர் வரை ஏறிவிடும்.

தண்ணீரில் கரைந்த கேஸின் அளவைப் பார்க்க டிராப் செக்கர் என்ற சின்னக் குப்பியைத் தொட்டிக்குள் வைக்கிறோம். உள்ளே 4 கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) உள்ள கரைசலும், அமிலத்தன்மைக்கு ஏற்ப நிறம் மாறும் புரோமோதைமால் புளூவும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் ஏறக்குறைய 30 மில்லிகிராம், மஞ்சள் என்றால் ஆபத்து. நிறம் மாற ஒன்று இரண்டு மணி நேரம் ஆகும், அதனால் வால்வைத் திருகிவிட்டு உடனே பார்த்துப் பயனில்லை. போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் கேஹெச் 12 என்று வைத்துக்கொள்வோம். கேஸ் கரையக் கரையப் பிஹெச் (அமில-கார அளவு) இறங்கும்; இந்தத் தண்ணீரில் 30 மில்லிகிராமுக்குப் பிஹெச் 7.1 வந்தாலே போதும். யாரோ சொன்னார்கள் என்று கேஸை விட்டு 6.5-க்கு இறக்கினால் 110 மில்லிகிராமைத் தாண்டிவிடும். மீன் ஒன்றும் மிஞ்சாது. அதிலும் 30 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜன் நிறைந்தாலும் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். ஃபில்டர் அவுட்லெட்டைக் கொஞ்சம் மேலே திருப்பி மேற்பரப்பில் சிற்றலை இருக்கும்படி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கேஸ் வீணாகும், போகட்டும்.

பலன் என்ன? ரோட்டாலா ரொட்டுண்டிஃபோலியா என்ற செடி நெருக்கமாக வளர்ந்து நுனி சிவக்கிறது. மதியத்துக்கு மேல் இலைகளில் ஆக்சிஜன் முத்து முத்தாக நிற்பதை இத்தனை வருடம் கழித்தும் உட்கார்ந்து பார்க்கிறேன். அளவு நிலையான பிறகு, கட்டையில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கிய கறுப்புத் தாடிப் பாசியும் மெல்ல ஒடுங்கியது. ஆனால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், இலங்கையின் கிரிப்டோகொரைன் வென்ட்டி போன்ற மெதுவாக வளரும் செடிகள் மட்டும் வளர்க்கிறவருக்குச் சிலிண்டர் தேவையே இல்லை. நம் ஏரிகளில் கிடைக்கும் ஹைட்ரில்லா தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். 'லிக்விட் கார்பன்' என்று கடையில் விற்பவை பெரும்பாலும் குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனம். பாசியை அடக்கும், கேஸின் வேலையைச் செய்யாது, வாலிஸ்னேரியா செடியைக் கரைத்தும்விடும்.

படுக்கையறையில் சிலிண்டர் வைக்காதீர்கள். 2 கிலோ கேஸ் முழுவதும் கசிந்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல். பத்துக்குப் பத்து ஏசி அறையைப் பூட்டிக்கொண்டு தூங்கும்போது அது காற்றில் 4 சதவீதத்தை நெருங்கும், உயிருக்கே ஆபத்தான அளவு. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ரீஃபில் எங்கே என்று விசாரியுங்கள். தீயணைப்புக் கருவிக்குக் கேஸ் அடிக்கும் கடைகளில் பொதுவாகச் செய்து தருவார்கள். சிலிண்டரில் குத்தியிருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அடைத்துச் செய்யும் அழுத்தச் சோதனை) தேதி ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் நிரப்ப மாட்டார்கள். பழைய சிலிண்டர் மலிவாக வந்தால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.