விளிம்பைச் சீவிவிட்டார்கள்: பழைய டிரம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ட்யூன் செய்யக் கொடுத்த டிரம்மை இழைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பணம் போனால் போகட்டும், மரம் திரும்பி வராதே என்றுதான் வயிறு எரிகிறது.

டிரம் செட் என் மாமாவுடையது. லுட்விக் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்தது: காலால் அடிக்கும் 22 அங்குல பேஸ் டிரம், 13 அங்குல டாம் என்ற சிறிய டிரம், தரையில் நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாம். கப்பலில் வேலை பார்த்தவர், சிங்கப்பூரில் யாரிடமோ பழையதாக வாங்கி மெட்ராஸ் துறைமுகத்தில் இறக்கினார். உட்புறம் வெள்ளைப் பெயிண்ட். அதன்மேல் சிவப்பு மையில் 1966ஆம் ஆண்டுத் தேதி முத்திரை. மெல்லிசைக் கச்சேரிகளில் அவர் அந்த ஃப்ளோர் டாமைத் தொட்டால் மிருதங்கத் தொப்பியில் ரவை அப்பியதுபோல ஒரு கும்காரம் எழும். அவர் போன பிறகு பத்து வருடம் பரணில் கிடந்து, தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம்தான் வந்தது. அந்தப் பழைய நாதம் வேண்டும் என்று மட்டும்தான் கடையில் கேட்டேன்.

"ஃபுல் சர்வீஸ் செய்துவிடுகிறோம் சார், புதிது மாதிரி ஆகிவிடும்" என்றார் கடைக்காரர். புதிது மாதிரி எனக்கு எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆட்டோவில் இடம் போதாமல் 13 அங்குல டாம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அது தப்பித்தது.

பதினொரு நாள் கழித்து வாங்கி வந்து ஃப்ளோர் டாமைத் தட்டினேன். பாத்திரக்கடையில் அண்டா உருண்டதுபோல நீண்ட ரீங்காரம். அதை அமுக்க மேல் ஹெட்டில் (டிரம்மின் வாயை மூடும் தோல்தான் ஹெட்) மூன்று ஜெல் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். சந்தேகப்பட்டு ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், விளிம்பில் புது மரத்தின் நிறம். முன்பு அந்த விளிம்பு பள்ளிக்கூட பெஞ்சின் ஓரம்போல வழுவழுவென்று உருண்டிருக்கும். இப்போது 45 டிகிரிக்குச் சீவப்பட்டு, விரலை வைத்தால் கீறுகிறது. மரம் செதுக்கும் ரவுட்டர் மெஷினை ஓட்டியிருக்கிறார்கள்.

அழகுக்காக அந்த விளிம்பு உருண்டையாக இல்லை. ஹெட் வந்து உட்காரும் இடம் அது. உருண்டையாக இருந்தால் ஹெட் அகலமாகப் படியும்; மேல்சுரங்கள் அங்கேயே அடங்கி, அடிநாதம் முன்னால் வரும். கூராக்கினால் தொடும் இடம் குறைந்து, ஒலி பளிச்சென்று தெறிக்கும், நெடுநேரம் நிற்கும். ராக் இசைக்கு அப்படித்தான் வேண்டும் என்பவர்கள் உண்டு, நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நான் கேட்டதற்கு நேர் எதிரானதைச் செய்து, அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. உள்ளே திருகினால் ஹெட்டை வந்து அமுக்கி ஒலியை அடக்கும் ஒரு ஃபெல்ட் மஃப்ளர் இருந்தது. அது இருந்த இடத்தில் இப்போது வெறும் ஓட்டை. பில்லில் புதிய ஹெட் நான்கு என்று போட்டிருக்கிறது. ஃப்ளோர் டாமைக் கவிழ்த்தேன். அடி ஹெட்டின் ஓரத்தில் மாமா பேனாவால் எழுதிய முதல் எழுத்து, தின்னர் போட்டுத் துடைத்தும் போகாமல் மங்கலாகத் தெரிந்தது. என் பழைய ஹெட்டையே எனக்கு விற்றிருக்கிறார்கள்! பேஸ் டிரம்மிலும் முன்பக்கம் பழையதுதான்.

அன்று இரவே 13 அங்குல டாமை நானே எடுத்து உட்கார்ந்தேன். பழைய ஹெட்டைக் கழற்றி, விளிம்பை உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தேன். மேலே கோட்டிங் உள்ள புது ஹெட், ஆறு திருகுகளையும் விரலாலேயே முடுக்கினேன். பிறகு டிரம் கீயால் எதிரெதிராக, ஒவ்வொன்றும் கால் சுற்று. ஹெட்டின் சுருக்கம் மறைந்ததும் இன்னும் ஒரு பொடி, அவ்வளவுதான். ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அங்குலம் உள்ளே தட்டிக் கேட்டு, ஏறியிருந்ததைத் தளர்த்தி மறுபடி முடுக்கினேன். அடி ஹெட்டை மேலதைவிடச் சற்றே ஏற்றி வைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது; மனைவி இரண்டு முறை கதவைச் சாத்தினாள். கடைசியில் 'தும்' என்று விழுந்தது பாருங்கள், மாமாவே வந்து தட்டியதுபோல. டேப் இல்லை, ஜெல் இல்லை.

ஆகவே, பழைய டிரம்மைக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஹெட்டைக் கழற்றி விளிம்பையும் உட்புறத்தையும் படமெடுத்து வையுங்கள். "மரத்தைத் தொடக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்கள், கிழிந்த ஹெட் உட்பட, திரும்ப வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். விளிம்பு உண்மையிலேயே நெளிந்திருக்கிறதா என்பதைச் சமமான கண்ணாடிப் பலகைமேல் டிரம்மின் மர உடலான ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே விளக்கு வைத்துப் பார்த்தாலே தெரியும். வெளிச்சம் கசியாவிட்டால் ரவுட்டருக்கு வேலையே இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். இரண்டு ஹெட்டுக்கான பணத்தைக் கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்தார்கள். மஃப்ளர் "குப்பையோடு போயிருக்கும்". விளிம்பைப் பற்றிக் கேட்டதற்கு, "கரடுமுரடாக இருந்தது சார், ஃப்ரீயாகவே சரிசெய்து கொடுத்தோம்" என்றார் அந்த மனிதர், நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்த முகத்தோடு.