சாளுவன்குப்பம் புலிக்குகை: மகாபலிபுரம் போற வழில ஒரு மணி நேரம் இங்க இறங்குங்க

இசிஆர்ல எத்தனையோ தடவ மகாபலிபுரம் போயிருக்கேன், ஊருக்கு ஒரு அஞ்சு கிலோமீட்டர் முன்னாடி இடது பக்கம் புலிக்குகைன்னு போர்டு வரும், அடுத்த தடவ பாத்துக்கலாம்னு வண்டிய நிறுத்தாமலே போயிடுவோம். போன வாரம் அம்மாவையும் பையனையும் கூட்டிட்டு வேணும்னே இதுக்காகவே கெளம்பினோம், இத்தன வருஷம் விட்டுட்டோமேன்னு மனசு அடிச்சிக்குச்சு.

உள்ள நுழைஞ்சதும் மரம், புல்லு, கடல் காத்து. நடுவுல ஒத்தப் பாறை, பாக்க மேடை மாதிரி. அதுல ஒரு சின்ன அறை குடைஞ்சிருக்காங்க, அதச் சுத்தி வளைவா 11 தலை. பேருதான் புலி, எல்லாமே யாளிங்க, அதான் கோயில் தூண்ல பாப்போமே, சிங்கம் மாதிரி இருக்கற கற்பனை மிருகம். கிட்ட போய் பாருங்க, முழி பிதுங்கி, வாயத் தொறந்து, பல்லெல்லாம் தெரியுது, 1,200 வருஷத்துக்கு மேல உப்புக்காத்து அடிச்சும் அந்த முறைப்பு போகல. பக்கத்துலயே ரெண்டு யானை முகமும் செதுக்கியிருக்காங்க, நெறைய பேர் யாளிகிட்ட செல்ஃபி எடுத்துட்டு அத கவனிக்காமலே போயிடுறாங்க. திருவிழா சமயத்துல சாமிய எழுந்தருள வைக்கத்தான் இந்த அறைன்னு சொல்றாங்க, முன்னாடி அவ்வளவு பெரிய வெட்டவெளி இருக்கறத பாத்தா எனக்கும் அப்படித்தான் தோணுது.

இதோட திரும்பிடாதீங்க ப்ளீஸ். பாறையக் குடைஞ்சு செஞ்ச அதிரணசண்ட மண்டபம் பக்கத்துலதான், ஒரே சமஸ்கிருதப் பாட்டு ஒரு சுவத்துல கிரந்த எழுத்துலயும் எதிர் சுவத்துல நாகரி எழுத்துலயும் வெட்டியிருக்கு. இன்னும் கொஞ்சம் வடக்க நடந்தா முருகன் கோயில். 2004 சுனாமி மணல அரிச்சிட்டுப் போனப்போ ஒரு பாறைல பழைய கல்வெட்டு வெளிய தெரிஞ்சிருக்கு, அதுல இங்க ஒரு முருகன் கோயில் இருந்ததா சேதி, அத வச்சு 2005ல தோண்டினப்போ கோயிலே கெடச்சிருச்சு! மேல பல்லவர் கால கருங்கல், அதுக்குக் கீழ அதவிட பழைய செங்கல் கோயில், சங்க காலம்னு தொல்லியல் துறைக்காரங்க சொல்றாங்க. ஒவ்வொரு செங்கலும் இப்ப நம்ம வீட்டுக்கு வாங்கற கல்ல விட நல்ல பெருசு, பையன் முழங்கைய நீட்டி அளந்து பாத்தான். வாசல் வடக்கு பாத்து இருக்கு, முன்னாடி கல்லாலயே ஒரு வேல். இப்ப அங்க பூசை கெடையாது, ஆனாலும் எங்கம்மா செருப்ப கழட்டிட்டு ரொம்ப நேரம் கையெடுத்து கும்பிட்டு நின்னாங்க.

குறைன்னா, முருகன் கோயிலுக்கு வழி கேட்டுக் கேட்டுத்தான் போனோம், வெயில்ல வயசானவங்களுக்கு அந்த நடை கஷ்டம். புல்வெளில பிரியாணி டப்பாவும் தண்ணி பாட்டிலும் போட்டுட்டு போற ஜனங்கள பாத்தா வயிறு எரியுது, தயவுசெஞ்சு ஒரு கவர் எடுத்துட்டு போங்க.

வழில சேத்துப் பாக்கணும்னா முட்டுக்காடு தக்ஷிணசித்ரா செவ்வாய் லீவு, வடநெம்மேலி முதலைப் பண்ணை திங்கள் லீவு, அதனால புதன் வியாழன்னா மூணையும் முடிச்சிடலாம். புலிக்குகைக்கு மட்டும் காலைலயே வந்துருங்க, கெழக்க கடல்லேர்ந்து வர்ற வெயில் கொஞ்சம் சாய்வா விழறப்போ ஒவ்வொரு யாளி முகமும் தனித்தனியா எடுப்பா தெரியும்.