ஜோடிப் படங்களுக்கு சோனி 85 எம்எம் எஃப்/1.8: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

நிச்சயம் முடிந்த ஜோடியை வெளியில் கூட்டிப்போய் எடுக்கும் ஷூட்டுக்கு ஒரே ஒரு போர்ட்ரெய்ட் லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால், சோனி எஃப்இ 85 எம்எம் எஃப்/1.8-ஐத் தாராளமாக வாங்கலாம். 2017-இல் வந்த லென்ஸ். எடை 371 கிராம். இதற்கு மேலே இருக்கும், சோனியின் உயர் ரக வரிசையான ஜிஎம்-இல் வந்த எஃப்/1.4, முதல் பதிப்பில் 820 கிராம். கடற்கரை மணலில் மூன்று மணி நேரம் நடந்து எடுக்கும்போது இந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும்.

ஆனால் 1.8 என்ற எண்ணுக்காக வாங்காதீர்கள். அது அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு: எண் சின்னதாக ஆக ஆகத் திறப்பு பெரிதாகும், ஷார்ப்பாக இருக்கும் ஆழம் குறையும். ஜோடிப் படத்தில் அது பெரும்பாலும் உதவாது.

ஃபுல் ஃப்ரேம் (36x24 எம்எம் சென்சார்) கேமராவில், 2 மீட்டர் தூரத்தில், எஃப்/1.8-இல் ஷார்ப்பாகக் கிடைப்பது மொத்தமே 6 சென்டிமீட்டர். 3 மீட்டருக்குப் போனால் 13. பெண் முன்னால், மாப்பிள்ளை அவர் தோளுக்குப் பின்னால் என்ற வழக்கமான போஸில் இருவர் கண்களுக்கும் நடுவே 15, 20 சென்டிமீட்டர் இருக்கும். கேமரா திரையில் இரண்டு முகமும் சரியாகத்தான் தெரியும். 12x36 இன்ச் ஆல்பம் ஷீட்டில் போட்ட பிறகுதான் மாப்பிள்ளை முகம் கலங்கியிருப்பது கண்ணில் படும். 3 மீட்டரில் எஃப்/2.8 வைத்தால் 21 சென்டிமீட்டர், எஃப்/4 வைத்தால் 30. ஆனால் ஃபோகஸ் வைத்த முகத்துக்குப் பின்னால் கிடைப்பது இதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் 15 சென்டிமீட்டர் இடைவெளிக்கு எஃப்/4, 20-க்கு எஃப்/5.6 வைத்தால் பயமில்லை. பின்னணி கரையவில்லையே என்று அபெர்ச்சரைத் திறக்க வேண்டாம். ஜோடியைப் பின்னணியிலிருந்து பத்து மீட்டர் முன்னால் நகர்த்துங்கள், எஃப்/4-இலேயே சவுக்குத் தோப்பு பச்சைப் புகையாகிவிடும். நெற்றியோடு நெற்றி முட்டி, இருவரும் பக்கவாட்டில் நிற்கும் போஸுக்கு மட்டும் எஃப்/2 போகலாம். அங்கே இரண்டு முகமும் ஒரே தூரத்தில் இருக்கும்.

ஃபோகஸ் மோட்டார் வேகமானது, சத்தம் இல்லை. சிக்கல் ஐ ஏஎஃப்-இல், அதாவது கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸில் வரும். இரண்டு முகம் இருந்தால் அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஃபோகஸ் ஏரியாவைச் சின்னப் புள்ளியாக்கி, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் முகத்தின் மேல் வையுங்கள். நடந்து வரும் ஷாட்டுக்கு ஏஎஃப்-சி (தொடர்ந்து ஃபோகஸைத் திருத்தும் முறை), ஷட்டர் 1/500-க்குக் குறையக் கூடாது. லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. பாடியில் இருந்தாலும் அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் அடக்கும், அவர்கள் அசைவதை அல்ல.

இடம் வேண்டும் என்பதை வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள். தலை முதல் கால் வரை இருவரையும் நிமிர்ந்த ஃப்ரேமில் எடுக்க 5 மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். படுத்த ஃப்ரேம் என்றால் கிட்டத்தட்ட 8 மீட்டர். பன்னிரண்டு அடி ஹாலில் முழங்கால் வரைக்கும்தான் வரும், அங்கே 35 எம்எம் இல்லாமல் ஆகாது. கடற்கரையில் எட்டு மீட்டர் தள்ளி நின்றால் அலைச் சத்தத்தில் நீங்கள் சொல்வது அவர்களுக்குக் கேட்காது. போஸைப் பக்கத்தில் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பின்னால் வாருங்கள்.

இந்த லென்ஸ் உண்மையிலேயே ஏமாற்றும் இடம் மோதிரம். 0.8 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. அந்தத் தூரத்தில் ஃப்ரேமின் அகலம் சுமார் 28 சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் மோதிரம் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதற்காக மேக்ரோ லென்ஸ் வாங்கத் தேவையில்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும், ஏஎஃப் இணைப்புள்ள 10, 16 எம்எம் எக்ஸ்டென்ஷன் டியூப் (கண்ணாடி இல்லாத வளையம்) இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃப்ரேம் எட்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கும், மோதிரம் கால்வாசி அகலத்துக்கு வந்துவிடும். எஃப்/8, எஃப்/11 வைத்து, விரல்களை எதன் மேலாவது ஊன்றச் சொல்லுங்கள்.

வெயிலுக்கு எதிராகத் திறந்த அபெர்ச்சரில் எடுத்தால் ஜரிகையிலும் மல்லிகைச் சரத்தின் ஓரத்திலும் ஊதா, பச்சைக் கோடுகள் படியும். எஃப்/2.8-இல் பெரும்பாலும் போய்விடும். மிச்சத்தை லைட்ரூம் மென்பொருளில், இந்தக் கோடுகளை அழிக்கும் டிஃப்ரிஞ்ச் வைத்து எடுக்கலாம், ஆனால் படம் முழுக்கப் போடாதீர்கள்: கத்திரிப்பூ நிற பார்டர் வைத்த பட்டு என்றால் அந்த பார்டரின் ஓரமே சாம்பலாக வெளுத்துவிடும். பிரஷ் எடுத்து, கோடு விழுந்த இடத்தில் மட்டும் தடவுங்கள்.

லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் (பக்க வெளிச்சத்தை மறைக்கும் வளையம்) கழற்றவே வேண்டாம். தூசி, ஈரம் தாங்கும் வடிவமைப்பு என்றாலும் உப்புக் காற்றுக்கு 67 எம்எம் ஃபில்டர் ஒன்று போட்டுவிடுங்கள். மகாபலிபுரம் மாதிரி இடத்தில் சூரிய உதயத்துக்கு எடுக்கிறீர்கள் என்றால், ஏசி அறையிலிருந்து லென்ஸை நேராக வெளியே கொண்டுவந்ததும் கண்ணாடி பனி மூடிக்கொள்ளும். துடைத்தாலும் திரும்பத் திரும்ப மூடும். அரை மணி நேரம் முன்னதாகவே பையோடு, ஜிப்பைத் திறக்காமல், வெளியே வைத்துவிடுங்கள். வெளிச்சம் பொன்னிறமாக இருக்கும் அந்த இருபது நிமிடம் கையை விட்டுப் போகாது.