மூன்று தீவுகள், பாய்மரப் படகு, முழு முன்பணம்: இணையராகச் செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை

இருவருக்கு மட்டுமான தனிப்படகு, மூன்று தீவுகள், நாள் முழுவதும் பாய்மரப் பயணம் என்று எழுத்தில் உறுதியளித்து முழுத் தொகையையும் முன்னதாகவே பெற்றுக்கொண்ட ஒரு படகு நிறுவனம், என்னையும் என் மனைவியையும் வேறு சில குடும்பங்களோடு ஒரே படகில் ஏற்றியது. நாளின் பெரும்பகுதி டீசல் இயந்திரத்தின் இரைச்சலிலும் புகையிலுமே கழிந்தது. இரண்டு தீவுகளோடு எங்களைத் திருப்பி அழைத்து வந்துவிட்டார்கள். வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றிலும் இத்தகைய பயணங்கள் ஏறத்தாழ ஒரே வாசகங்களோடு விற்கப்படுகின்றன என்பதால், நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

காற்று போதாததால் இயந்திரத்தை ஓட்ட வேண்டியதாயிற்று என்பது நிறுவனம் பின்னர் தந்த விளக்கம். அன்றைய வானிலை முன்னறிவிப்பு 14 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு; மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர்) காற்று என்றது. கடல் முழுவதும் வெண்ணுரை அலைகள் எழுந்தவண்ணம் இருந்தன. காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலில் இது நான்காம் நிலை, அதாவது 11 முதல் 16 நாட் வரையிலான காற்று. பாய் விரிக்க விரும்புவோர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் காற்று இதுதான். ஆனால் பெரிய பாயின் உறையைக்கூட அவர்கள் கழற்றவில்லை. முதல் தீவை நெருங்கும்போது முன்பாயை மட்டும் சிறிது நேரம் விரித்து, பயணிகள் படம் எடுத்து முடித்ததும் சுருட்டிவிட்டார்கள்.

அந்தப் பயணத் திட்டமே நிறைவேற்ற முடியாதது என்பதை வரைபடத்தில் தொலைவை அளந்தாலே தெரிந்துகொள்ளலாம். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு சராசரியாக 5 அல்லது 6 நாட் வேகத்தில்தான் செல்லும். அது மணிக்கு 9 முதல் 11 கிலோமீட்டர். விளம்பரத்தில் காட்டிய சுற்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர் என்பதால், காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் படகுக்கு, நங்கூரமிடவும் நீந்தவும் உண்ணவும் மூன்று தீவுகளுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரமே எஞ்சும். அதுவும் காற்று எல்லாத் திசையிலும் சாதகமாக இருந்தால் மட்டுமே. வட அரைக்கோளத்தில் வடகிழக்கிலிருந்தும் தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் பெரும்பாலும் மாறாமல் வீசும் வணிகக் காற்றுக்கு எதிரே திரும்பி வர நேர்ந்தால், பாய்மரப் படகு நேராகச் செல்ல இயலாது. இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை விலகி மாறி மாறி வளைந்து வரவேண்டும், அதனால் தொலைவு நூற்றுக்கு நாற்பது பங்கு கூடிவிடும். அத்தகைய எதிர்க்காற்றில் இயந்திரத்தை ஓட்டுவது இயல்பே. அதை நான் குறைகூறவில்லை. அந்தக் கடலில் தொழில் செய்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்த இந்த உண்மையைப் பணம் வாங்கும் வேளையில் மறைத்ததைத்தான் குறைகூறுகிறேன்.

எங்களை மிகவும் வருத்தியது நங்கூரமிட்ட விதம். வெண்மணல் திட்டு கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தும், கரைக்கு அருகே நிறுத்தும் வசதிக்காகப் பவளப்பாறையின் மேலேயே நங்கூரத்தை இறக்கினார்கள். காற்றில் படகு ஊசலாடும்போதெல்லாம் இரும்புச் சங்கிலி பாறையை அரைக்கிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் பவள இனங்கள் அங்கே உண்டு. என் மனைவி இதைச் சுட்டிக்காட்டியபோது, எல்லாப் படகுகளும் இப்படித்தான் செய்கின்றன என்றார் படகை ஓட்டியவர்.

பாதுகாப்பின் நிலையோ அதைவிட மோசம். மிதவைச் சட்டைகள் எங்கே உள்ளன என்று யாரும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தபோது அவை அறைக்குள் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தன. ஆபத்துக் காலத்தில் உதவி கோருவதற்கான 16ஆம் அலைவரிசையில் எப்போதும் காதுகொடுத்திருக்க வேண்டிய ரேடியோ நாள் முழுவதும் அணைந்தே இருந்தது. இரண்டாவது தீவிலிருந்து மிகவும் தாமதமாகப் புறப்பட்டதால், தாழ்ந்துவிட்ட சூரியனுக்கு நேர் எதிராகப் பாறைகளுக்கிடையே உள்ள குறுகிய வழியைக் கடக்க நேர்ந்தது. சூரியன் உயர்ந்து முதுகுப்புறம் இருக்கும்போதுதான் நீருக்கடியில் உள்ள பாறைகள் நிறவேறுபாட்டால் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் நீர்ப்பரப்பு வெறும் கண்கூச்சமாகிவிடும். வெப்பமண்டலத்தில் அந்திவெளிச்சம் நீடிப்பதுமில்லை. படகிலிருந்த குழந்தைகளை எண்ணி நாங்கள் உண்மையிலேயே அஞ்சினோம்.

முன்பதிவு செய்ய எண்ணுவோர், படகு எத்தனை மணி நேரம் பாயில் செல்லும், வேறு யாரேனும் ஏறுவார்களா, எதிர்க்காற்று வீசினால் எந்தத் தீவை விடுவார்கள், நங்கூரமிடுவது மணலிலா அல்லது அதற்கென அமைத்த மிதவையிலா என்று கேட்டு, பதிலை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு பகுதியை மட்டும் முன்பணமாகச் செலுத்தி, மீதியைப் படகைக் கண்ட பின் தருவதாகச் சொல்லுங்கள். ஏறியவுடன் மிதவைச் சட்டையைக் கையில் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வானிலையைப் பொறுத்துத் திட்டம் மாறலாம் என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். பயணிகளின் உயிரைக் காக்கப் படகுத் தலைவர் எடுக்கும் முடிவுக்கு அந்த நிபந்தனை அவசியமே. ஆனால் தனிப்படகுக்குப் பணம் வாங்கிவிட்டுப் பிறரை ஏற்றியதை அது எவ்விதத்திலும் நியாயப்படுத்தாது. எழுத்து உறுதிமொழியையும் படகில் எடுத்த படங்களையும் இணைத்து, கடன் அட்டை வழங்கிய வங்கியில் ஆட்சேபம் பதிவு செய்தோம். தனிப்படகுக்கென வசூலித்த கூடுதல் தொகை திரும்பி வந்தது. செல்லாத தீவுக்கான தொகை குறித்த முறையீடு இன்னும் நிலுவையில் உள்ளது.