வெர்ஷன்களைக் கட்டி மேய்க்க மீஸ்: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

பெங்களூரு பெல்லந்தூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குச் சொந்தமாக ஒரு பிராடக்ட் கிடையாது. எல்லாமே வாடிக்கையாளர்களின் ப்ராஜெக்ட்டுகள். அதனால் ஒரே லேப்டாப்பில் ஒரு ரெப்போ (ஒரு ப்ராஜெக்ட்டின் கோட் இருக்கும் இடம்) ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்ஜேஎஸ் 14-ஐக் கேட்கும், பக்கத்து ரெப்போ 20 கேட்கும், இன்னொன்று பைத்தான் 3.9-ஐ விட்டு நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். இதையெல்லாம் கட்டி மேய்க்கத்தான் மீஸ் என்ற கருவியைப் பிடித்தோம், ஃபோல்டருக்கு ஏற்ற வெர்ஷனை நிறுவி மாற்றித் தருவது அதன் வேலை. 2023-இல் அதன் பெயர் ஆர்.டி.எக்ஸ். என்விடியாவின் கிராஃபிக்ஸ் கார்டுகளோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று 2024 ஜனவரியில் மீஸ் என்று மாற்றினார்கள். அந்த வாரம் ஆளாளுக்கு, டெர்மினல் திறக்கும்போது ஓடும் பேஷ்-ஆர்சி கோப்பில் ஒரு வரியைத் திருத்தினோம், அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய நிலவரம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு மொழிக்கும் தனி வெர்ஷன் கருவி: நோடுக்கு என்.வி.எம்., பைத்தானுக்கு பைஎன்வ், ஜாவாவுக்கு எஸ்டிகேமேன். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு, தனிக் கட்டளை. என்.வி.எம். போட்டிருந்தால் புது டெர்மினல் திறக்கும்போதே ஒரு தயக்கம் தெரியும். ஏ.எஸ்.டி.எஃப். எல்லா மொழிகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் அப்போது அது முழுக்க பேஷ் ஸ்கிரிப்ட். நோட் என்று தட்டினால் நடுவில் ஷிம் என்ற சின்ன ஸ்கிரிப்ட் ஓடி, எந்த வெர்ஷன் என்று தேடிப் பிடித்து, அப்புறம்தான் உண்மையான நோட் கிளம்பும். 2025 தொடக்கத்தில் வந்த 0.16-இல் அதை கோ மொழியில் புதிதாக எழுதிவிட்டார்கள், பழைய மந்தம் இப்போது இல்லை. நாங்கள் மாறிய காலத்தில் அந்தப் புது வடிவம் வந்திருக்கவில்லை. மீஸ் ரஸ்டில் எழுதப்பட்டது. ஃபோல்டருக்குள் நுழைந்ததும், கட்டளைகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் மாறியையே மாற்றிவிடுகிறது. 'விச் நோட்' என்று கேட்டால் உண்மையான பைனரி (ஓடும் நிரல் கோப்பு) எங்கே இருக்கிறது என்று நேராகக் காட்டும். ராத்திரியில் பிழை தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வெர்ஷனைக் கோப்பில் எழுதி ரெப்போவிலேயே வைக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லும்போது நான் எடுப்பது எப்போதும், சாஸ் ஸ்டைல் கோப்புகளை சி.எஸ்.எஸ். ஆக மாற்றும் நோட்-சாஸ் நூலகத்தின் கதையைத்தான். விருதுநகர்ப் பையன் ஒருவன் சேர்ந்த முதல் வாரம், பழைய டாஷ்போர்ட் ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தார்கள். மதியம் வந்து நின்றான்.

"அண்ணா, இது ரியாக்ட் ப்ராஜெக்ட்டுன்னுதானே சொன்னாங்க? என்.பி.எம். இன்ஸ்டால் போட்டா பைத்தானைக் காணோம்னு சொல்லுது."

(என்.பி.எம். என்பது நோடுடன் வரும் பேக்கேஜ் நிறுவி.) அவன் மெஷினில் இருந்தது நோட் 18. ரெப்போவில் இருந்தது நோட்-சாஸ் 4.14. அதற்குத் தயார்நிலை பைனரி நோட் 14 வரைதான் உண்டு. 18-க்கு இல்லை என்றதும் நோட்-ஜிப் என்ற கட்டும் கருவி தானே கம்பைல் செய்யக் கிளம்பும். அந்தப் பழைய நோட்-ஜிப்புக்கு பைத்தான் 2 வேண்டும். பைத்தான் 2-இன் கடைசி வெளியீடு 2.7.18, 2020 ஏப்ரலோடு அந்தக் கணக்கு முடிந்தது. திரை முழுக்கச் சிவப்பாக ஓடும் அந்தப் பிழைச் செய்தியில் 'உன் நோட் வெர்ஷன் தப்பு' என்று ஒரு வரிகூட இருக்காது. பையன் பாவம், பைத்தான் 3 போட்டுப் பார்த்திருக்கிறான், அதையும் ஏற்க மாட்டேன் என்றிருக்கிறது. தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். மீஸ் கோப்பில் நோட் 14.21.3 என்று ஒரு வரி, அப்புறம் 'மீஸ் இன்ஸ்டால்'. டீ குடித்துவிட்டு வருவதற்குள் டாஷ்போர்ட் ஓடியது. (அவனிடம் உபுண்டு இருந்தது. ஆப்பிள் சிலிக்கான் மேக் என்றால் இவ்வளவு சுலபமாக முடியாது. அந்தச் சிப்புக்கான அதிகாரபூர்வ நோட் பைனரி 16-இலிருந்துதான் தொடங்குகிறது.)

இனி குறைகள். முதலாவது கொஞ்சம் ஆழமானது. 'மீஸ் யூஸ் நோட்@20' என்று அடித்தால் கோப்பில் வெறும் 20 என்றுதான் எழுதும். பார்க்க பின் பண்ணியதுபோல (ஒரே வெர்ஷனில் பூட்டியதுபோல) இருக்கும், உண்மையில் பின் ஆகவில்லை. 2024 பிப்ரவரியில் நிறுவியவருக்கு 20.11 கிடைத்திருக்கும், ஜூலை தொடக்கத்தில் நிறுவியவருக்கு 20.15. கோப்பு ஒன்றுதான், மெஷின்கள் வேறு. நோடுடன் சேர்ந்து வரும் என்.பி.எம்.மும் மாறுகிறது: 20.11.0-உடன் 10.2.4, 20.15.0-உடன் 10.7.0. 'இது என் மெஷினில் ஓடுகிறதே' என்ற பழைய பாட்டு இந்தச் சந்துக்குள் இருந்துதான் மறுபடி கிளம்பும். ஏ.எஸ்.டி.எஃப். இந்த விஷயத்தில் கறார். முழு எண்ணும் எழுதினால்தான் ஒத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் அதுதான் சரி. மீஸில் 'பின்' என்ற கொடியைச் சேர்த்தால் முழு எண்ணாக எழுதும், சரியான எண்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டையும் நாமாகத்தான் கேட்க வேண்டும். எங்கள் டீமில் கோட் ரிவ்யூவின்போது கோப்பில் 'லேட்டஸ்ட்' என்றோ, தனியாக 20 என்றோ இருந்தால் பி.ஆர். (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) மெர்ஜ் ஆகாது.

அடுத்தது கிட்ஹப் வரம்பு. இது பெங்களூரு அலுவலகங்களுக்கென்றே செய்தது போன்ற சிக்கல். மீஸ் பல கருவிகளை கிட்ஹப்பில்தான் தேடி இறக்கும். டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாமல் கிட்ஹப் ஏபிஐயைக் கூப்பிட்டால் ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 அழைப்புகள்தான். ஒரு தளம் முழுக்க உட்கார்ந்திருக்கும் எல்லோரும் வெளியே போவது ஒரே பொது ஐபி வழியாக. கேம்பஸில் எடுத்த பேட்ச் ஒன்று திங்கட்கிழமை காலை சேர்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் செட்டப் ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் என்ன ஆகும்? முதல் வரிசையில் இருப்பவர்களுக்கு இறங்கிவிடும், மற்றவர்களுக்கு 403 என்ற மறுப்பு. வேடிக்கை என்னவென்றால், மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டவுடன் சரியாகிவிடும், அதனால் எல்லோரும் பழியை அலுவலக வைஃபையின் மேல் போடுவார்கள். ஆளுக்கொரு கிட்ஹப் டோக்கனை என்விரான்மென்ட்டில் வைத்தால் வரம்பு 5,000 ஆகிவிடும். எங்கள் செட்டப் ஸ்கிரிப்ட் இப்போது டோக்கன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுகிறது.

எடிட்டர் விஷயம் சின்னது. டெர்மினலில் பாத் மாறுகிறது, ஆனால் ஐகானை அழுத்தித் திறந்த வி.எஸ். கோடுக்கு அது தெரியாது. குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலைகளுக்கும் தெரியாது. மீஸும் ஷிம்கள் வைத்திருக்கிறது. அந்த ஃபோல்டரை பாத்தில் சேர்த்தால் தீர்ந்தது.

எதிர்பார்க்காமல் கிடைத்த லாபம் மொழிகளுக்கு வெளியே. குபர்னெட்டிஸ் கிளஸ்டரை இயக்கும் கட்டளையான குபெசிடிஎல், கிளஸ்டரின் ஏபிஐ சர்வரிலிருந்து ஒரு மைனர் வெர்ஷன் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் ஆதரவு இல்லை. ஒரு வாடிக்கையாளரின் கிளஸ்டர் புதியது, இன்னொருவருடையது அரதப் பழசு. ஃபோல்டர் மாறினால் குபெசிடிஎல்லும் மாறுவது சின்ன நிம்மதி இல்லை. கிளவுட் சர்வர்களைக் கோப்பில் எழுதி அமைக்கும் டெராஃபார்மில் காரணமே வேறு. 2023 ஆகஸ்டில் லைசென்ஸ் மாற்றத்தை அறிவித்தார்கள், பழைய திறந்த லைசென்ஸில் வந்தது 1.5 வரிசையோடு சரி. 'எங்கள் சட்டப் பிரிவு ஒப்புக்கொள்ளும்வரை 1.5.7-ஐத் தாண்டக் கூடாது' என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியே கொடுத்தார். சட்டக் காரணத்துக்காக வெர்ஷனைப் பூட்டுவோம் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. அந்த ரெப்போவில் அந்த வரிக்கு மேலே, ஏன் என்று ஒரு கமென்ட் இருக்கிறது. கமென்ட் இல்லாமல் பின் பண்ணி வைத்தால் அடுத்து வருபவர் ஆர்வக் கோளாறில் ஏற்றிவிடுவார்.

இந்தக் கருவிகள் எங்கிருந்து இறங்குகின்றன என்பதிலும் எனக்குப் பிடித்த மாற்றம் உண்டு. ஏ.எஸ்.டி.எஃப். ப்ளக்இன் என்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் தன் ரெப்போவில் வைத்திருக்கும் ஷெல் ஸ்கிரிப்ட், அது நம் மெஷினில் அப்படியே ஓடும். மீஸ் பல கருவிகளுக்கு அக்வா பதிவேட்டைப் பயன்படுத்துகிறது. அங்கே இருப்பது தகவல் கோப்பு மட்டும், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் பார்த்து இறக்கலாம். பைத்தானுக்கும் தயார்நிலை பில்ட் கிடைப்பதால், பைஎன்வ் காலத்தில் போல ஹெடர் கோப்புகளைத் தேடி அலைந்து கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

கோடைத் தானாகச் சோதித்துக் கட்டும் சி.ஐ.யும் அதே கோப்பைப் படிக்கும்படி வைத்துவிட்டோம். ஓட்டை விழுவது, கன்டெய்னரைக் கட்டும் குறிப்பான டாக்கர்ஃபைலில். அதன் ஃப்ரம் வரியில் தனியாக ஒரு வெர்ஷன் எழுதியிருக்கும், மீஸ் கோப்பை மாற்றியவர் அதை மறந்துவிடுவார். இரண்டு எண்களும் ஒன்றா என்று பார்த்து, இல்லையென்றால் பில்டை நிறுத்தும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்தோம். மீஸுக்குச் சம்பந்தமில்லாத இந்த ஸ்கிரிப்ட்தான் அதிக முறை எங்களைக் காப்பாற்றியிருக்கும்.

சிஸ்டம் லைப்ரரிகளை மீஸ் தொடாது. பைத்தானை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு இணைக்கும் சைகோபிஜி2-ஐ சோர்ஸிலிருந்து கட்டும்போது பிஜி-கான்ஃபிக் இல்லை என்று நின்றால், உபுண்டுவிடம்தான் கேட்க வேண்டும். நிக்ஸ் என்ற பேக்கேஜ் கருவி அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பது உண்மை. ஆனால் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கும் எங்கள் டீமில் நிக்ஸ் மொழியை எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க நேரமில்லை. சிஸ்டம் லைப்ரரி தேவைப்படும் ப்ராஜெக்ட்டுகளை டெவ் கன்டெய்னரில் ஓட்டுகிறோம்.

பூட்டியது பூட்டியபடியே கிடக்கும் என்பதும் ஒரு தொல்லை. நோட் 18-இன் ஆதரவு 2025 ஏப்ரல் 30-உடன் முடிந்தது. கோப்பில் இருக்கும் எண் அதைப் பற்றி வாயே திறக்காது. வெர்ஷன்களைப் புதுப்பிக்கச் சொல்லும் ரெனவேட் என்ற பாட், மீஸ் கோப்பைப் படித்து பி.ஆர். போடும், ஆனால் அதை மெர்ஜ் செய்ய வாடிக்கையாளர் நேரம் ஒதுக்க வேண்டுமே.

ஒரே மொழி, ஒரே ரெப்போ என்றால் மீஸுக்கு அவசரமில்லை. கோ மட்டும் எழுதும் டீம் என்றால் 1.21-இலிருந்து கோ.மாட் கோப்பில் டூல்செயின் வரி இருக்கிறது, தேவையான வெர்ஷனை அதுவே இறக்கிக்கொள்ளும். ஜாவா டீமில் கிரேடில் என்ற பில்ட் கருவியின் வெர்ஷனை கிரேடில் ராப்பர் பார்த்துக்கொள்ளும். எங்களைப் போல ஆளுக்கு நாலு ரெப்போ, ரெப்போவுக்கு மூன்று மொழி என்று இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். போட்ட அன்றே டோக்கனையும் முழு எண்ணையும் கட்டாயமாக்கிவிடுங்கள்.